மனித வாடை அறியும் மரபணு

ஜூன் பிறந்தால் குற்றாலத்தில் சாரல் தொடங்கும். பேரருவியிலும் ஐந்தருவியிலும் தண்ணீர் கொட்டும். தென்காசி வீதிகள் சீசன் கூட்டத்தால் நிறையும். 2012-இல் அந்தச் சீசனை ஒட்டிய வாரங்களில், தென்காசிக்கு வடக்கே மதுரை சாலையில் உள்ள கடையநல்லூரில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். டெங்கு. அந்த ஆண்டு தமிழ்நாட்டில் 12,826 பேருக்கு டெங்கு கண்டதாகவும், 66 பேர் இறந்ததாகவும் அரசுக் கணக்கு சொல்கிறது. அன்று திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்து, 2019 நவம்பரில் புதிதாகப் பிறந்த தென்காசி மாவட்டத்துக்கு வந்த கடையநல்லூர், அந்தப் பரவலில் மிகக் கடுமையாக அடிபட்ட ஊர்களில் ஒன்று.

நோயைச் சுமந்து வந்தது ஏடிஸ் எஜிப்தி என்ற கொசு. கறுத்த உடம்பு, கால்களில் வெள்ளை வளையங்கள், முதுகில் யாழ் வடிவில் வெள்ளைக் கோடு. எடை இரண்டு அல்லது மூன்று மில்லிகிராம்.

குற்றாலத்து அருவிகளுக்கு மேலே, செண்பகாதேவி, தேனருவி தாண்டி விரியும் காட்டிலும் கொசு உண்டு. மரப்பொந்தில் தேங்கிய மழைநீரிலும், ஒடிந்த மூங்கிலின் கணுவிலும் அவை வளர்கின்றன. உலகில் இதுவரை அறியப்பட்ட கொசு வகைகள் 3,500-க்கும் மேல். பறவை, தவளை, மாடு, குரங்கு என்று கிடைத்ததில் குடிப்பவையே அவற்றில் மிகுதி. மனிதரையே நாடுபவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில. ஏடிஸ் எஜிப்தி அந்தச் சிலவற்றில் முன்வரிசையில் நிற்கிறது. தொழுவில் மாடு நிற்கும். முற்றத்தில் கோழி மேயும். அவற்றையெல்லாம் விட்டுவிட்டு, வாசல்படி தாண்டி, பட்டப்பகலில் உள்ளே வந்து, மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றும் பெண்ணின் கணுக்காலைத் தேடி உட்காரும்.

இதை அதற்கு யார் சொல்லிக்கொடுத்தது? அது தாயைக் கண்டதில்லை. முட்டையிட்ட கையோடு தாய் பறந்துவிட்டது. கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்த ஓரிரு நாள்களில், முன்பின் பார்த்திராத மனிதரைத் தேடிப் புறப்படுகிறது. தேடும் வழி, அடையாளம் காணும் விதம், குத்தும் இடம், நிறுத்தும் நேரம் அனைத்தும் பிறவியிலேயே உடன் வருகின்றன. அதாவது, மரபணுக்களில் எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு நடத்தை எப்படி மரபணுவில் எழுதப்படும்? கடந்த சில பத்தாண்டுகளின் ஆய்வுகள் அந்த எழுத்தை வரிவரியாகப் படிக்கத் தொடங்கியிருக்கின்றன.

மூன்று ஜோடிக்குள் ஒரு முழு வாழ்க்கை

மனிதருக்குக் குரோமோசோம்கள் 23 ஜோடி. இந்தக் கொசுவுக்கு மூன்றே ஜோடி. அதன் மரபணுத்தொகை, அதாவது ஓர் உயிரின் மரபுச் செய்தி முழுவதும், ஏறத்தாழ 128 கோடி எழுத்துகள் நீளம். மனித மரபணுத்தொகையில் இது ஐந்தில் இரண்டு பங்கு. 2007-இல் முதன்முதலாகத் துண்டு துண்டாகப் படிக்கப்பட்ட இந்தத் தொகை, 2018-இல் குரோமோசோம் வரிசைப்படி கோத்து முடிக்கப்பட்டது. புரதங்களை உருவாக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 14,600 என்று தெரியவந்தது.

அவற்றில் 300-க்கும் மேற்பட்டவை மணத்தையும் சுவையையும் அறிவதற்கானவை. இவை உருவாக்கும் புரதங்களுக்கு ஏற்பிகள் என்று பெயர். நரம்பணுவின் மேற்பரப்பில் அமர்ந்திருக்கும் ஏற்பி, தனக்குப் பொருந்தும் மூலக்கூறு வந்து தொட்டதும் உள்ளே மின்சைகையை எழுப்பிவிடும். கொசுவின் மூளையில் இருப்பவை ஏறத்தாழ இரண்டு லட்சம் உயிரணுக்கள். நம் மூளையிலோ 8,600 கோடி நரம்பணுக்கள். அவ்வளவு சிறிய மூளையை வைத்துக்கொண்டு அது ஒரு தெருவையே மோந்து, ஒரு வீட்டையும் அதற்குள் ஓர் ஆளையும் தேர்ந்துகொள்கிறது.

ஒரே ஊர், இரண்டு குணம்

நடத்தை மரபுவழி வருகிறது என்பதற்கு அழகான சான்று கென்யாவில் கிடைத்தது. மொம்பாசா அருகே ரபாய் என்ற ஊர். அங்கே ஏடிஸ் எஜிப்தியில் இரு வகை அடுத்தடுத்து வாழ்ந்தன. ஒன்று காட்டு வகை: கறுப்பு நிறம், மரப்பொந்தில் வளர்ச்சி, விலங்கின் இரத்தம். மற்றொன்று வீட்டு வகை: வெளிர்பழுப்பு நிறம், வீட்டுத் தண்ணீர்ப் பானைகளில் வளர்ச்சி, மனித இரத்தம். இனம் ஒன்றே, கூடினால் வளமான சந்ததி பிறக்கும்.

1970-களில் ட்ரிப்பிஸ், ஹவுசர்மன் என்ற ஆய்வாளர்கள் இவ்விரு வகைக் கொசுக்களையும் அவற்றின் கலப்பினங்களையும் அடையாள நிறம் பூசிப் பறக்கவிட்டு, வீடுகளுக்குள் காத்திருந்து பிடித்தார்கள். வீட்டு வகை ஏராளமாக வீட்டுக்குள் வந்தது. காட்டு வகை அரிதாகவே வந்தது. கலப்பினம் இரண்டுக்கும் நடுவில் நின்றது. வாசல்படி தாண்டும் துணிச்சல்கூடப் பெற்றோரிடமிருந்து பாதிப் பாதியாக இறங்கி வருகிறது!

பல பத்தாண்டுகள் கழித்து அதே ரபாய்க் கொசுக்களைக் கேரலின் மெக்பிரைடும் அவருடைய சகாக்களும் நியூயார்க்கின் ராக்கபெல்லர் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு குழாய்க்குள் மனிதக் கை. மறு குழாய்க்குள் கினிப்பன்றி. காற்று இரண்டின் வாடையையும் கொசுவிடம் சேர்க்கும். வீட்டு வகை மனிதப் பக்கம் போனது. காட்டு வகை விலங்கின் பக்கம் போனது. பிறகு இரண்டையும் கலந்து, இரண்டாம் தலைமுறைப் பேத்திகளைச் சோதித்தார்கள். பேத்திகளிலும் சில மனிதரை நாடின. சில விலங்கை நாடின. மனிதரை நாடியவற்றின் உணர்கொம்புகளையும் விலங்கை நாடியவற்றின் உணர்கொம்புகளையும் தனித்தனியே சேர்த்து, எந்த மரபணுக்கள் எங்கே அதிகமாக வேலை செய்கின்றன என்று ஒப்பிட்டார்கள்.

முன்னால் வந்து நின்ற மரபணுவின் பெயர் ஓஆர்4. அது உருவாக்குவது ஒரு மண ஏற்பி. மனிதரை நாடும் கொசுக்களில் அது கூடுதலாக உற்பத்தியாகிறது. அதன் வடிவமும் கூர்மையான உணர்திறன் கொண்டதாக இருக்கிறது. அது எதை மோப்பம் பிடிக்கிறது என்று அறிய, அந்தக் கொசு மரபணுவைப் பழ ஈயின் உணர்கொம்புக்குள் பொருத்திப் பார்த்தார்கள். பதில்: சல்கடோன். நம் தோலின் எண்ணெய்ப் பசையில் உள்ள ஸ்குவாலீன் காற்றில் சிதையும்போது எழும் மணப்பொருள் அது. விலங்குகளிடம் குறைவு, நம்மிடம் தாராளம். 2014-இல் இந்த ஆய்வு 'நேச்சர்' இதழில் வெளியானது.

சேர்மானத்தில் இருக்கிறது அடையாளம்

ஆனால் சல்கடோனை மட்டும் பஞ்சில் தொட்டுவைத்தால் கொசு ஏமாறாது. மனித வாடை என்று தனியாக ஒரு பொருள் கிடையாது. நம் உடலிலிருந்து எழும் மணப்பொருள்கள் நூற்றுக்கும் மேல். அவற்றில் பெரும்பாலானவை நாயிடமும் ஆட்டிடமும் இருப்பவைதான். திருநெல்வேலிச் சமையலில் அவியலுக்கும் சொதிக்கும் தேங்காயும் காய்கறியும் பொதுவாக இருந்தாலும், அளவும் சேர்மானமும் மாறுவதால் மூடியைத் திறந்ததுமே இது சொதி என்று மூக்கு சொல்லிவிடுகிறதல்லவா? கொசுவும் நம்மைச் சேர்மானத்தை வைத்தே அடையாளம் காண்கிறது.

அந்தச் சேர்மானத்தில் எது தூக்கலாக இருக்கிறது என்பதைப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மெக்பிரைடின் குழு 2022-இல் காட்டியது. மனிதர், எலி, கினிப்பன்றி, காடை, செம்மறியாடு, நாய் ஆகியோரின் வாடையை வடித்தெடுத்து ஒப்பிட்டார்கள். மனித வாடையில் டெக்கனால், அண்டெக்கனால் என்ற நீள்சங்கிலிப் பொருள்கள் மிகுந்திருந்தன. டெக்கனாலின் மூலங்களில் ஒன்று சேப்பியனிக் அமிலம். நம் தோலைக் காக்கும் எண்ணெயின் தனிச்சிறப்பான சரக்கு அது. மற்ற விலங்குகளின் தோலில் அப்படிக் காணக் கிடைக்காது. நம்மைக் காக்கும் எண்ணெயே நம்மைக் காட்டிக்கொடுக்கிறது.

அடுத்த விந்தை மூளையில். நரம்பணு துடிக்கும்போதெல்லாம் ஒளிரும்படி மரபணு மாற்றிய கொசுக்களை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, இந்த வாடைகளை ஊதினார்கள். கொசுவின் மூளையில் மணச் செய்திகள் வந்து சேரும் நரம்பு முடிச்சுகள் அறுபதுக்குக் கிட்ட உண்டு. மனித வாடை வந்தபோது அவற்றில் ஒரு முடிச்சு பளிச்சென்று ஒளிர்ந்தது. விலங்கு வாடைக்கு அது பெரிதாக அசையவில்லை. மனிதருக்கும் விலங்குக்கும் பொதுவாக ஒளிரும் முடிச்சு வேறு. நூறு மணப்பொருள்களின் குழப்பத்தை இந்தச் சிறு மூளை ஓரிரு முடிச்சுகளின் ஒப்பீடாகச் சுருக்கி வைத்திருக்கிறது.

மூச்சிலிருந்து தோல்வரை

வாடை மட்டுமே வழிகாட்டுவதில்லை. கொசுவின் பயணத்தில் கட்டம் கட்டமாக வெவ்வேறு மரபணுக்கள் பொறுப்பேற்கின்றன.

முதல் கட்டம் மூச்சு. சாதாரணக் காற்றில் 10,000 மூலக்கூறுகளுக்கு நான்கு மட்டுமே கரியமில வாயு. நாம் விடும் மூச்சில் அது ஏறத்தாழ 400. இந்த நூறு மடங்கு உயர்வைக் கொசு, தன் வாயருகே உள்ள இரு சிறு நீட்சிகளால் அறிகிறது. ஜிஆர்3 என்ற மரபணுவைச் செயலிழக்கச் செய்த கொசுக்கள் கரியமில வாயுவை உணரவே இல்லை என்று 2014-இல் தெரியவந்தது. சாதாரணக் கொசுவுக்கோ இந்த வாயு ஒரு விழிப்பு மணி. அது எட்டியவுடன் கொசு பறக்கத் தொடங்குகிறது. வாடைக்கும் வெப்பத்துக்கும் அதன் புலன்கள் கூர்மையாகின்றன.

இரண்டாம் கட்டம் உடல் வாடை. மண ஏற்பிகளில் பெரும் பகுதி வேலை செய்ய ஓஆர்கோ என்ற துணைப் புரதம் வேண்டும். 2013-இல் அந்த ஒரு மரபணுவைச் செயலிழக்கச் செய்தார்கள். அந்தக் கொசுக்களுக்கு மனிதருக்கும் கினிப்பன்றிக்கும் இடையே இருந்த உறுதியான தேர்வு போய்விட்டது. ஆனால் மூச்சுக் காற்று கலந்திருந்தால் அப்போதும் மனிதரை நோக்கி வந்தன. ஏனென்றால் வியர்வையின் லாக்டிக் அமிலத்தை உணர ஐஆர்8ஏ என்ற வேறொரு மரபணு இருக்கிறது. மேலும், ஒரே மண நரம்பணுவுக்குள் வெவ்வேறு குடும்பத்து ஏற்பிகள் கலந்து அமர்ந்திருப்பதை 2022-இல் கண்டார்கள். ஒரு கதவை அடைத்தால் மறு கதவு திறந்திருக்கும் அமைப்பு இது. கொசுவின் மூக்கை அடைத்துவிட்டால் போதும் என்று நம்பிய மருந்துகள் பல முழு வெற்றி பெறாததற்கு இதுவும் காரணம்.

மூன்றாம் கட்டம் வெப்பம். நம் தோலிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் வீசிக்கொண்டே இருக்கிறது. 70 சென்டிமீட்டர் தொலைவிலிருந்தே ஏடிஸ் எஜிப்தி அதை உணர்கிறது என்று கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சாந்தா பார்பரா குழு 2024-இல் காட்டியது. நாற்காலியில் இருப்பவரின் முழங்காலுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியைவிட அது அதிகம். கதிர் மட்டும் தனியாக இருந்தால் கொசு கண்டுகொள்வதில்லை. மூச்சும் மனித வாடையும் சேர்ந்து வந்தால்தான் அதை நம்புகிறது.

மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசுவில் இதைவிட நுட்பமான ஏற்பாடு உண்டு. ஐஆர்21ஏ என்ற மரபணு பழ ஈயிலும் இருக்கிறது. அங்கே அது குளிரை உணர்ந்து விலகுவதற்கு உதவுகிறது. கொசுவிலும் அதே ஏற்பி குளிர்ச்சியைத்தான் உணர்கிறது. சூடு குறையும்போது துடிக்கும். சூடு ஏறும்போது அடங்கும். அதைத் துடிக்கவிடாத திசையில் பறந்துகொண்டே இருந்தால் கொசு எங்கே போய்ச் சேரும்? வெதுவெதுப்பான தோலில். குளிரிலிருந்து தப்பிக்க வைத்திருந்த பழைய மரபணுவை, பரிணாமம் இரையைத் தேடும் கருவியாக மாற்றிவிட்டது. 2020-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான கண்டுபிடிப்பு இது.

ஊசி நுனியில் நாக்கு

கணுக்காலில் அமர்ந்த கொசுவைக் கிட்டத்தில் பாருங்கள். நீட்டிய குழல் போலத் தெரிவது வெறும் உறை. தோலைத் தொட்டதும் அது பின்னோக்கி வில்லாக வளைகிறது. உள்ளிருந்து ஆறு ஊசிகள் ஒரே கட்டாகத் தோலுக்குள் இறங்குகின்றன. இரண்டு ஊசிகள் விளிம்பில் பற்கள் கொண்டு அறுக்கின்றன. இரண்டு திசுவை விலக்கிப் பிடிக்கின்றன. ஒன்று உமிழ்நீரைச் செலுத்துகிறது. இரத்தம் உறையாமல் இருக்கவும் நாளம் விரியவும் வேண்டிய புரதங்கள் அதில் இருக்கின்றன. மற்றொன்று உறிஞ்சும் குழாய். இத்தனையும் நமக்கு உறைக்கும் முன்பே நடந்து முடிகின்றன.

உறிஞ்சும் அந்த ஊசியின் நுனியில் சுவை நரம்பணுக்கள் இருக்கின்றன. உப்பு, சோடியம் பைகார்பனேட், குளுக்கோஸ், செல்களின் ஆற்றல் நாணயமான ஏடிபி ஆகிய நான்கும் கலந்த நீரை இரத்தம் என்று நம்பி கொசு குடித்துவிடும் என 2020-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். தனித்தனியாக வந்தால் பேசாமல் இருந்து, கலவையாக வந்தால் மட்டும் துடிக்கும் நரம்பணுக்களும் அந்த நுனியில் உண்டு. பூந்தேன் குடிக்கும்போது இந்த ஊசி வேலைக்கு வருவதில்லை. தேன் ஒரு பைக்குள்ளும் இரத்தம் நேராக நடுக்குடலுக்குள்ளும் போய்ச் சேரும். தன் எடைக்குச் சமமான இரத்தத்தைக் குடித்துவிட்டுத்தான் கொசு எழுகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரே வேளையில் 60 லிட்டர் குடித்துவிட்டு எழுந்து பறப்பதற்கு அது சமம்.

ஆணுக்குள் உறங்கும் வேட்கை

கடிப்பது பெண் கொசு மட்டுமே. ஆணுக்குத் தேனே உணவு. இரத்தத்தின் புரதம் முட்டைக்காகத்தான் தேவைப்படுகிறது. அப்படியென்றால் மனிதரைத் தேடும் நரம்பமைப்பு பெண்ணிடம் மட்டும் இருக்குமா? ராக்கபெல்லர் ஆய்வகத்தில் 2020-இல் கிடைத்த விடை எல்லோரையும் வியக்கவைத்தது. ஃப்ரூட்லெஸ் என்ற ஒரு மரபணுவை ஆண் கொசுக்களில் செயலிழக்கச் செய்ததும், அந்த ஆண்கள் மனித வாடையைத் தேடி வந்தன. குத்துவதற்கான வாயுறுப்பு இல்லாததால் கடிக்க முடியவில்லை, அவ்வளவுதான். மனிதரைத் தேடும் திறன் ஆணின் மூளைக்குள்ளும் முழுமையாகவே இருக்கிறது; ஒரு மரபணு அதை வாழ்நாள் முழுவதும் அடக்கி வைத்திருக்கிறது.

பெண்ணிலும் அந்த வேட்கை எப்போதும் எரிந்துகொண்டிருப்பதில்லை. வயிறு நிறையக் குடித்த பெண் கொசு அடுத்த சில நாள்களுக்கு மனிதரை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. குடித்ததைச் செரித்து, நூறு முட்டை அளவுக்கு உருவாக்கும் வேலையில் இருக்கும். இந்த நிறைவை உணர்த்துவது என்பிஒய்எல்ஆர்7 என்ற ஏற்பி. மனிதரிடம் பசியை ஆளும் ஏற்பிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது அது. லாரா டுவால் தலைமையில் ஆய்வாளர்கள், மனித உடல்பருமனுக்காக உருவாக்கப்பட்ட மருந்துகளைக் கொசுக்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பசித்திருந்த கொசுக்களும் மனிதரை நாடாமல் இருந்துவிட்டன! பிறகு 2 லட்சத்து 65 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வேதிப்பொருள்களைச் சலித்து, கொசுவின் ஏற்பியை மட்டும் தூண்டும் ஒன்றைக் கண்டெடுத்தார்கள். கொசுவைக் கொல்லாமல் அதன் பசியை மட்டும் அணைக்கும் வழி ஒன்று இருக்கிறது என்று 2019-இல் உலகுக்குத் தெரிந்தது.

அடித்தவரை நினைவில் வைக்கும்

பிறவி அறிவோடு அனுபவ அறிவும் கொசுவுக்கு உண்டு. கையால் விரட்டி அடிக்கும்போது ஏற்படும் அதிர்வைச் செயற்கையாக உண்டாக்கி, அதே வேளையில் ஒருவரின் வாடையையும் செலுத்தினார்கள். மறுநாளும் கொசு அந்த வாடையை ஒதுக்கியது. கொசுவிரட்டிக் களிம்பு எவ்வளவு விலக்குமோ, ஏறத்தாழ அவ்வளவுக்கு இந்த நினைவு அதை விலக்கியது. மனிதர், எலி ஆகியோரின் வாடையை இப்படிக் கற்றுக்கொள்ள முடிந்தது. கோழி வாடையை மட்டும் கற்க முடியவில்லை. கற்றலுக்கு வேண்டியது டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளை உணரும் ஓர் ஏற்பி. அதன் மரபணுவை முடக்கினால் கொசு எத்தனை அடி பட்டாலும் பாடம் கற்பதில்லை. கிளெமோன் வினோஜே, ஜெஃப் ரிஃபெல் குழுவினர் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இது. ஆகவே கொசுவைக் கொல்ல முடியாவிட்டாலும், கையை வீசி விரட்டுவது வீண்வேலை ஆகாது.

தொட்டியின் உள்சுவரில்

குடித்து முடித்த பெண்ணின் அடுத்த தேடல், தண்ணீர். காலால் நீரைத் தொட்டுச் சுவை பார்த்துத்தான் முட்டையிடும். உப்பு நீரில் புழுக்கள் செத்துவிடும், நன்னீரே வேண்டும். இந்தச் சோதனைக்குப் பொறுப்பான மரபணு பிபிகே301. அதைச் செயலிழக்கச் செய்த கொசுக்கள் நல்ல நீரைத் தொட்டும் முட்டையிடத் தயங்கின. உப்பு நீரில் இட்டும்விட்டன.

தென்காசிப் பக்கத்து வீட்டுக் கொல்லையில் நிற்கும் சிமெண்ட் தொட்டியின் உள்சுவரைக் கவனியுங்கள். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரம் கசியும் சொரசொரப்பில், கறுப்புப் புள்ளிகள் ஒட்டியிருக்கும். ஒரு புள்ளி ஒரு மில்லிமீட்டர்கூட இராது. அவைதாம் முட்டைகள். தண்ணீருக்குள் இடாமல் விளிம்பில் இடுவது தற்செயலன்று. தண்ணீர் வற்றினாலும் முட்டை காய்ந்து பல மாதம் உயிரோடு கிடக்கும்; மறுபடி தொட்டி நிரம்பி நீர் தொட்டதும் பொரியும். ஒரே தொட்டியில் எல்லாவற்றையும் இடாமல், டிரம், டயர், சிரட்டை, பழைய ஆட்டுக்கல் என்று பல இடங்களில் சிறிது சிறிதாக இட்டுவைக்கும் பழக்கமும் உண்டு. ஒரு தொட்டி காலியானாலும் சந்ததி மிஞ்சும்.

தாகம் வளர்த்த கொசு

இந்தக் கொசுவின் முன்னோர் ஆப்பிரிக்கக் காடுகளில் விலங்கின் இரத்தம் குடித்தவை. அவற்றை மனிதர் பக்கம் திருப்பியது எது? 2020-இல் நோவா ரோஸ், மெக்பிரைட் குழுவினர் ஆப்பிரிக்காவின் 27 இடங்களிலிருந்து முட்டைகளைச் சேகரித்து வளர்த்து, ஒவ்வோர் ஊர்க் கொசுவின் விருப்பத்தையும் அளந்தார்கள். நெருக்கமான நகரங்களின் கொசுக்கள் மனிதரைச் சற்றுக் கூடுதலாக நாடின. அதைவிட வலுவாக இன்னொன்று தெரிந்தது: எங்கே கோடை நீண்டு வறண்டு கிடக்கிறதோ, அங்கே கொசு மனிதரை நாடுகிறது. மழை சில மாதங்களே பெய்யும் சாகேல் பகுதியில்தான் அந்த நாட்டம் உச்சம்.

காரணம் எளிது. மரப்பொந்துகள் வற்றிய காலத்திலும் மனிதர் வீட்டுப் பானையில் தண்ணீர் இருந்தது. பானையில் வளர்ந்த கொசுவுக்கு அருகிலேயே கிடைத்த இரத்தம் மனித இரத்தம். மனித வாடையைக் கூடுதலாக உணரும் மரபணு வடிவம் எந்தக் கொசுவுக்கு வாய்த்ததோ, அது அதிக முட்டை இட்டது. சகாரா வறண்டு பாலையான காலத்தில், ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன்பு, இந்த மாற்றம் தொடங்கியதாக மரபணுக் கணக்கு காட்டுகிறது. பின்னர் அது கப்பல்களின் தண்ணீர்ப் பீப்பாய்களில் ஏறிக் கடல் கடந்தது.

இரத்தம் குடிப்பது கொசுவுக்குக் கட்டாய விதியும் அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் யானைக்கொசு, உருவில் பெரியது, யாரையும் கடிக்காது. அதன் புழு மற்றக் கொசுப் புழுக்களைத் தின்று வேண்டிய புரதத்தைச் சேர்த்துக்கொள்கிறது. அமெரிக்காவில் ஊனுண்ணித் தாவரத்தின் நீரில் வளரும் ஒரு கொசு, தெற்கே கடிக்கிறது. வடக்கே கடிப்பதே இல்லை. சூழல் மாறினால் வேட்கையும் மாறும். மரபணு அதற்கு இடம் கொடுக்கிறது.

இப்போது கடையநல்லூருக்கு வருவோம். மலையடிவாரத்து ஊர், பக்கத்திலேயே கருப்பாநதி அணை. ஆனாலும் இப்பகுதி வீடுகளில் குழாய்த் தண்ணீர் வரும் நாளுக்காகக் காத்திருந்து, தொட்டியிலும் டிரம்மிலும் பிடித்து வைப்பது வழக்கம். சாகேல் கிராமத்துப் பானை எந்த வேலையைச் செய்ததோ, அதையே நம் டிரம்மும் செய்கிறது. சாரல் நாள்களில் சிரட்டையிலும் டயரிலும் நீர் தேங்குவது அதற்கு மேலதிக உதவி. ஆகவே இந்தக் கொசுவைப் பெருக்கும் முதல் காரணம் காடோ மழையோ அல்ல. மக்களுக்கு ஒழுங்காக வந்து சேராத குடிநீர். தினமும் தண்ணீர் தரும் நகராட்சி, கொசு மருந்து அடிக்கும் வண்டியைவிட நிலைத்த டெங்குத் தடுப்பைச் செய்கிறது என்று இந்த மரபணு ஆய்வுகளை வைத்து ஊகிக்கலாம்.

அந்த நாள் வரும்வரை நம் கையில் இருப்பது இதுதான். முட்டை பொரிந்து கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள்கள் ஆகும். வாரம் ஒருமுறை தொட்டியையும் டிரம்மையும் காலி செய்யுங்கள். காலி செய்தால் மட்டும் போதாது. முட்டை சுவரில் ஒட்டியிருக்கிறது. உள்சுவரைத் தேங்காய் நாரோ பிரஷோ கொண்டு அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு நிரப்பி, இடைவெளி இல்லாமல் மூடியோ துணியோ கட்டி மூடுங்கள். கொல்லையில் கிடக்கும் சிரட்டைகளைக் கவிழ்த்துப் போடுங்கள். இந்தக் கொசு பெரும்பாலும் சில நூறு மீட்டருக்கு மேல் பறப்பதில்லை. உங்கள் வீட்டில் கடிப்பது பெரும்பாலும் உங்கள் தெருவில் பிறந்ததே. அதனால் தெருவில் உள்ள எல்லா வீடுகளும் ஒரே நாளில் இதைச் செய்யுங்கள்.